கணிப்பில் பிழை இல்லை

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது. முதுகை நிமிர்த்தி உட்காரவைக்கிறது. ஒருவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆளை இப்படித்தான் உட்காரவைக்க வேண்டும். சாய்வு நாற்காலியில் மல்லாக்கப் போட்டு, விளக்கைக் கண்ணில் அடித்து, வாயைத் திற என்கிற டாக்டருக்குப் பல் தெரியும், முகம் தெரியாது. படுத்தவுடன் கன்னத்துச் சதை காதுப்பக்கம் வழிந்துவிடும், உதடு தன் இடத்தைவிட்டு நழுவிவிடும். இந்த அரிச்சுவடிகூடத் தெரியாமல்தான் நம் தொழிலில் பாதிப் பேர் பெயர்ப்பலகை மாட்டி, வீடும் கட்டிக் குடியேறிவிட்டார்கள்.

விசாரணைக் குழுத் தலைவர் அவர்களே, தாடிக்குள் நீங்கள் ஒளித்துவைத்திருக்கும் முகவாய் சற்றுச் சின்னது. உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பழக்கதோஷம். தாடி உங்களுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரை எனக்கு முன்பே தெரியும். என்னைப் பற்றிய அறிக்கையை எழுதிய நிபுணர். பல வருஷங்களுக்கு முன் ஒரு மாநாட்டில், கிளிப் போடுவதற்கு முன் முகத்து மென்திசுவை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நான் பாடம் எடுத்தேன். இவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வாயால் மூச்சுவிடுகிறவர் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன். இன்று அவர் நிபுணர். என்ன செய்வது, யாராவது ஒருவர் நிபுணராக இருந்துதானே ஆகவேண்டும்.

அவர் எழுதியிருக்கும் ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இன்று பேச முடிவு செய்தேன். 'நோயாளியின் முக மென்திசுவை முறையாக மதிப்பிடத் தவறியதால் நேர்ந்த சிகிச்சைப் பிழை.' என் வக்கீல் இதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். "சார், இதவிட நல்லதா நமக்கு யாரும் எழுதித் தர மாட்டாங்க. ஆமா, தப்பா கணிச்சுட்டேன்னு ஒரு வரி சொல்லிடுங்க. கொஞ்ச நாள் பிராக்டிஸ் பண்ணக் கூடாதும்பாங்க. அப்புறம் எல்லாரும் மறந்துடுவாங்க" என்றார். நல்ல மனிதர். அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன். தப்பாகக் கணித்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. வேறு எதை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

பல்லையும் எலும்பையும் யாரும் அளந்துவிடலாம். எக்ஸ்ரேவில் கோடு போட்டால் எண் வந்துவிடும். கணக்குப் பாடத்தில் தேறிய பையன் போதும். அதன் மேல் போர்த்தியிருக்கிறதே, உதடு, கன்னம், மூக்கின் அடிப்பக்கம், முகவாய்த் தோல், அதுதான் ஆள். உதட்டுக்குப் பின்னால் இருக்கும் பல்லை உள்ளே தள்ளினால் உதடும் உள்ளே போகும், ஆனால் அதே அளவு போகாது. தடித்த உதடு கொஞ்சம் போகும், மெல்லிய உதடு நிறையப் போகும். மூக்கும் முகவாயும் பருவம் முடியும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், உதடு மட்டும் போட்ட இடத்தில் நிற்கும். ஆக, பதின்மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் கைவைப்பவன் அந்தக் குழந்தையின் இருபது வயது முகத்தை அன்றைக்கே பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் மனைவி என்னிடம் நோயாளியாகத்தான் வந்தாள். தாடைவலி. புருஷன் இறந்தபின் தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பற்களைத் தேய்த்துவைத்திருந்தாள். பல்லின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்துகொடுத்தேன். வலி போயிற்று. மூன்று மாதம் கழித்து நன்றி சொல்ல வந்தாள். மறுவருஷம் கல்யாணம் செய்துகொண்டோம். எனக்கு முதல் கல்யாணம். அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது.

முதல் புருஷனை நான் மனதுக்குள் முன்னவர் என்றுதான் சொல்வேன். பெயர் சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தவர். அதிகம் படிக்கவில்லை, எதையும் சேர்த்துவைக்கவில்லை. நிறையச் சிரிப்பாராம். அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் இந்த ஒன்றைத்தான் சொல்வார்கள், "எப்பவும் சிரிச்ச முகம்." சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லாதவர்களைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள்.

அவருடைய படம் எங்கள் சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பலமுறை நானே துடைத்திருக்கிறேன். படம் எனக்குத் தொந்தரவு இல்லை. படம் சிரித்து முடித்துவிட்டது.

தொந்தரவு வேறு இடத்தில் இருந்தது.

வீட்டில் குழந்தைக்கு வாலு என்று பெயர். காரணப்பெயர்தான். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். யாரைப் பார்த்தாலும் அவர்களைப்போலவே நடித்துக் காட்டுவாள். கணக்கு டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவது, பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் மனைவியைத் திட்டுவது, நான் கையுறை மாட்டிக்கொண்டு விரல்களை நீட்டிப் பார்ப்பது. என்னைப்போல நடிக்கும்போது என்னைவிட நன்றாகச் செய்தாள், ஒத்துக்கொள்கிறேன். முதலில் என்னை டாக்டர் என்று கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா என்று சொல் என்று அவள் அம்மா சொல்லிக்கொடுத்தாள். இரண்டையும் விட மனமில்லாமல் டாக்டரப்பா என்று ஆக்கிக்கொண்டாள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. பாதி அப்பா என்பது குறைவான பதவி அல்ல.

எந்த வேடிக்கையையும் அவளால் முடிவுவரை சொல்ல முடியாது. முடிவு வருவதற்கு முன்பே சிரித்துவிடுவாள். சிரித்தால் மேலுதடு சுருண்டு மேலே ஏறும். ஈறு ஒரு கோடாகத் தெரியும். மூக்கு நுனி கொஞ்சம் கீழே இறங்கும். முகவாயில் ஆரஞ்சுத் தோல் மாதிரி குட்டிக் குட்டிக் குழிகள் விழும். உதடுகள் முன்தள்ளி, நிறைந்து இருக்கும். சுவரில் இருந்த படத்தை எடுத்து அதற்கு இரட்டைப் பின்னல் போட்டதுபோல இருக்கும்.

அப்போதெல்லாம் என் மனைவியின் கை தட்டில் நின்றுவிடும். அவளும் சிரித்துக்கொண்டிருப்பாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண் பெண்ணிடம் இருக்கும். ஆள் எங்கோ இருப்பாள். நான் உப்பு கேட்டால் என் பக்கம் திரும்பாமலே எடுத்துக் கொடுப்பாள். ஒருமுறை பெருமூச்சு விட்டு, "அப்படியே அவர்" என்றாள்.

என் வீட்டில், என் மேஜையில், நான் உட்கார்ந்திருக்கும்போது. ஒரு மனைவியின் வாயில் வரும் 'அவர்' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவன் கத்துவான், தட்டைத் தூக்கி எறிவான், மறுநாள் மன்னிப்புக் கேட்பான். அதெல்லாம் முன்னவரைப் போன்ற ஆட்கள் செய்வது. எனக்குத் தொழில் தெரியும்.

பதின்மூன்று வயதில் வாலு தானாகவே வந்தாள். மேலே வலதுபக்கம் ஒரு தெத்துப்பல். பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள். "டாக்டரப்பா, இந்த ஒண்ண மட்டும் உள்ள தள்ளிவிட்டுடேன்" என்றாள். அந்த ஒன்றை மட்டும் தள்ளியிருக்கலாம். வரிசையில் இடம் கொஞ்சம்தான் குறைவாக இருந்தது. மெல்லிய கம்பி, ஒரு வருஷ வேலை. பல் எதையும் பிடுங்கத் தேவையில்லை. இதைப் படிப்பு முடித்து வெளியே வந்த அன்றைக்கே எவனும் சொல்லிவிடுவான்.

நிமிர்த்தி உட்காரவைத்தேன். தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். எச்சிலை விழுங்கிவிட்டு உதடுகளைத் தளரவிடச் சொன்னேன். பக்கவாட்டில் நின்று மூக்கு நுனியிலிருந்து முகவாய்வரை மனதுக்குள் ஒரு கோடு போட்டேன். உதடுகள் அந்தக் கோட்டைத் தாண்டிச் சற்று வெளியே இருந்தன. அந்த வயதில் அப்படித்தான் இருக்கும். மூக்கும் முகவாயும் வளர்ந்து, ஐந்தாறு வருஷத்தில் கோடு தானே உதட்டைப் பிடித்துவிடும். அந்தப் பெண் அழகியாக வருவாள் என்று தெரிந்தது. முன்னவரின் வாயோடு, அழகியாக.

வரிசைக்கு இரண்டாக நான்கு பற்களை எடுத்து, அந்த இடம் முழுவதையும் முன்பற்களை உள்ளே இழுப்பதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன்.

அப்போது என்னிடம் ஒரு ஜூனியர் டாக்டர் இருந்தாள். உங்களிடம் வந்து சாட்சி சொன்னவள் அவள்தான். கெட்டிக்காரி, ஆனால் கெட்டிக்காரத்தனத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள். எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"சார், இந்தப் பிள்ளைக்குப் பல் எடுக்கணுமா?"

"எடுக்கணும்."

"மூக்கும் முகவாயும் இன்னும் வளருமே சார். உதட்டை இப்பவே உள்ள கொண்டுபோனா, பின்னாடி வாய் ஒடுங்கிப்போயிடாதா? நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க?"

"கிளாஸ்ல சொன்னது கிளாஸுக்கு. இது என் பொண்ணு. உன்னைவிட எனக்கு அக்கறை இருக்காதா?"

அதற்கு மேல் அவளால் என்ன சொல்ல முடியும்? ஒரு தகப்பன் சொன்னதை மறுத்துப் பேச எந்தப் பாடப்புத்தகமும் கற்றுக்கொடுப்பதில்லை. சில வாரங்களில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல சிபாரிசு கொடுத்துத்தான் அனுப்பினேன்.

பற்களை நானே எடுத்தேன். வழக்கமாக அதை அறுவைசிகிச்சைக்காரரிடம் அனுப்பிவிடுவேன். இந்தமுறை வேறு கை படுவதில் எனக்கு விருப்பமில்லை.

"வலிக்காதுல்ல டாக்டரப்பா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"எந்த எறும்பு? கட்டெறும்பா, சித்தெறும்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அவளே சிரித்தாள். வாய் தானாகத் திறந்தது. ஊசியைப் போட்டேன்.

நான்கும் நல்ல பற்கள். சொத்தை என்று ஒரு புள்ளி கிடையாது. அவள் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கறதால எனக்கு எந்தக் கவலையும் இல்ல" என்றாள். அந்த வார்த்தையில் பொய் எதுவும் இல்லை. அவள் கவலைப்படவில்லை.

இனி நிபுணர் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். என் சிகிச்சையின் இலக்கு அளவுகள் எந்த அட்டவணையோடும் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறார். உழைத்திருக்கிறார், பாராட்டுகிறேன். எல்லா அட்டவணைகளையும் புரட்டியிருக்கிறார். ஆனால் புரட்ட வேண்டியது அட்டவணையை அல்ல. ஒரு விடுமுறை நாளில், கிளினிக்கில் யாரும் இல்லாதபோது, என் தலையைப் பக்கவாட்டில் நிறுத்தி நானே ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். மேலுதட்டின் சாய்வு, கீழுதட்டின் இடம், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலிருக்கும் கோணம், எல்லாம் என்னுடையவை. இப்போது என்னைப் பக்கவாட்டில் பாருங்கள். மெல்லிய உதடு. தட்டையான வாய். அலட்டல் இல்லாத முகம். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மூன்று வருஷம் பிடித்தது. அவளைப்போல் ஒழுங்கான நோயாளியை நான் பார்த்ததில்லை. ரப்பர் வளையத்தைப் போடு என்றால் போடுவாள், கழற்றாதே என்றால் கழற்ற மாட்டாள். பல் நகரும் வலியில் சாப்பிட முடியாமல் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்னும்போதுகூட என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மனிதர் உள்ளே போய்க்கொண்டிருந்தார். கம்பியைக் கழற்றிய அன்று பற்கள் முத்துக் கோத்ததுபோல இருந்தன. அக்கம்பக்கத்தில் எல்லோரும் புகழ்ந்தார்கள். பல்லைப் பார்த்து முகத்தைப் பாராட்டுவார்கள் சனங்கள். அவர்களை நம்பித்தான் நம் தொழிலே நடக்கிறது. பாதி வேலையை நான் செய்திருந்தேன். மீதியை அவளுடைய மூக்கும் முகவாயும் வளர்ந்து தாமாகவே செய்தன. உதடு ஒடுங்கியது. வாயோரங்கள் இறங்கின.

ஆனால் சிரிப்பு மிச்சம் இருந்தது. மேலுதடு ஏறுவது தசையின் வேலை, பல்லை நகர்த்தி அதை நிறுத்த முடியாது. அதற்கும் வழி இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். மேலுதட்டின் உட்புறத்தில் ஒரு பட்டை அளவுக்குச் சவ்வை எடுத்துவிட்டு, உதட்டைக் கீழே இறக்கித் தைத்துவிட்டால் அது பழைய உயரத்துக்கு ஏறாது. ஈறு அளவுக்குமீறித் தெரிகிறது என்று வருந்துகிறவர்களுக்குச் செய்வது. வாலு வருந்தவில்லை.

அதனால் ஒருநாள் அவளைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, அதைக் கிளினிக்கின் பெரிய திரையில் போட்டேன். ஈறு தெரிகிற இடத்தைப் பெரிதாக்கினேன். அம்புக்குறியை அதன்மேல் மெதுவாக ஒருமுறை கொண்டுபோனேன். ஒன்றும் சொல்லவில்லை. படத்தை அப்படியே விட்டுவிட்டுக் கைகழுவப் போனேன். பதினாறு வயதுப் பெண்ணிடம் அவள் சிரிப்பைக் குறைசொல்லத் தேவையில்லை. பெரிதாக்கிக் காட்டினால் போதும்.

அடுத்த நாளிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த மாதம் முடிவதற்குள் அவளே வந்து கேட்டாள், "இத ஏதாவது பண்ண முடியுமா டாக்டரப்பா?" நான் யோசிப்பதுபோல் காட்டிக்கொண்டேன். அவள் அம்மாவுக்கு அரைமனது. "நல்லாத்தானே இருக்கு" என்றாள். "அவ ஆசப்படறா" என்றேன். அது உண்மை. வற்புறுத்தி நான் எதையும் செய்ததில்லை. என் கிளினிக்கில் எல்லாம் கேட்டுத்தான் நடக்கும்.

தையல் ஆறியபின் உதடு நான் நினைத்த இடத்தில் நின்றது. சிரிக்கப் போனால் உள்ளே இழுத்துப் பிடிக்கிறது என்று சொன்னாள். கொஞ்ச நாளில் யாரையும்போல நடித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். நடிப்பதற்கு உதடு வேண்டும், அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் வயதும் ஆகிறதல்லவா, எந்த வயதுவரைதான் ஒரு பெண் குரங்குசேஷ்டை செய்துகொண்டிருப்பாள்?

எங்கள் சாப்பாட்டு மேஜை அமைதியானது. என் மனைவி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். உப்பு கேட்டால் என்னைத் திரும்பிப் பார்த்துக் கொடுத்தாள். "அப்படியே அவர்" என்று அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. கடைக்குப் போனால் வாலுவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "அப்பா ஜாடை" என்பார்கள். நான் மறுத்ததில்லை.

அந்த இரண்டு வருஷம்தான் நாங்கள் குடும்பமாக இருந்த காலம் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு அத்தை வந்தாள். முன்னவரின் அக்கா. தம்பி சாவுக்குப் பிறகு மகனோடு வெகுதூரத்தில் இருந்தவள், முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க வந்தாள். கதவைத் திறந்ததும் நான் பார்த்தது அந்த வாயை. அறுபது வயதில், பல்செட்டுக்கு மேலே, அதே நிறைந்த உதடு. பேசினாலே ஈறு தெரிந்தது. நல்ல வேளை, அந்த வம்சத்தில் இது ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாலு காபி கொண்டுவந்து வைத்தாள். அத்தை அவள் தலையைத் தாண்டி உள்பக்கம் எட்டிப் பார்த்து, "எங்க என் மருமக? வாலு எங்க?" என்று கேட்டாள்.

"நான்தான் அத்தை" என்றாள் வாலு.

 அத்தை அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். எந்தப் படிப்பும் இல்லாத பொம்பளை. ஆனால் சரியான வெளிச்சத்துக்குத்தான் திருப்பினாள். "கொஞ்சம் சிரிடி" என்றாள். வாலு சிரித்தாள். அதாவது, முடிந்த அளவுக்கு.

"என்னடி இது?" என்றாள் அத்தை. "எங்கடி போச்சு?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "என் தம்பி செத்து எத்தனையோ வருஷமாச்சு. இன்னிக்குத்தான்யா எனக்கு அவன் செத்த மாதிரி இருக்கு. என்னய்யா பண்ணினீங்க?"

நாடகம் போடுகிற குடும்பம், வேறென்ன. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அத்தையை அல்ல. என் மனைவியை. அவள் அத்தையின் வாயைப் பார்த்தாள். பிறகு பெண்ணின் வாயைப் பார்த்தாள். அப்புறம் படத்தை. அவள் கண் அந்த மூன்றுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. 

சமையலறையில் என்னைக் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. குழாயை மட்டும் திறந்துவிட்டிருந்தாள், வெளியே கேட்காமல் இருக்க.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த நாலு பல்ல எடுக்காம சரிபண்ணிருக்க முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அவள் நம்பியிருப்பாள், நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் அது தவறான பதில். தெரிந்த விடையைத் தெரியாததுபோல் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

"முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"அப்பவே தெரியுமா?"

"தெரியாம எப்படி இருக்கும்? இதுல என்னைவிடத் தெரிஞ்சவன் யார் இருக்கான்?"

குழாயை மூடினாள். "இத்தனை நாள் பெத்த பொண்ணோட முகத்தப் பாக்க எனக்கு ஏன் புடிக்கலன்னு தெரியாம என்னையே திட்டிட்டிருந்தேன்" என்றாள். "அவ மேல பாசம் கொறஞ்சிருச்சோன்னு பயந்துட்டிருந்தேன். அந்தக் கொழந்தையும் அதைத்தான் நெனச்சிட்டிருந்திருக்கா."  மறுநாள் மூவரும் போய்விட்டார்கள். சுவரில் படம் இருந்த இடத்தில் வெளிறிய சதுரம் ஒன்று இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

புகார் கொடுத்தது என் மனைவி. வாலு அல்ல. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வாலு ஒருமுறை தனியாக வந்தாள், புகார் கொடுத்ததற்குப் பிறகு. கிளினிக் சாத்தும் நேரம். தானாகவே போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தாள், நான் சொல்லிக்கொடுத்தபடி.

"பழையபடி பண்ண முடியுமா?" என்றாள்.

டாக்டரப்பா என்று சொல்லவில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முழுமையாகப் பரிசோதித்தேன். உதட்டை விரலால் தூக்கித் தழும்பைப் பார்த்தேன். பேசச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மறுபடி கம்பி போட்டு முன்பற்களை வெளியே கொண்டுவரலாம், எடுத்த பற்களின் இடத்தில் செயற்கைப் பல் வைக்கலாம். உதடு கொஞ்சம் நிறையும். தழும்பைத் தளர்த்தப் பார்க்கலாம். ஆனால் பழையபடி வராது. எலும்பு குறைந்திருக்கிறது, சவ்வு போய்விட்டது. யாருடைய கையாலும் வராது.

"யாராலயும்?"

"என்னாலயே முடியாதுன்னா யாராலயும் முடியாது."

அவள் தலையாட்டினாள். தட்டில் இருந்த கைக்கண்ணாடியை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் குனிந்திருந்ததால் கண்ணாடியில் இரண்டு முகங்களும் சேர்ந்து தெரிந்தன. ஒரே சாய்வு. ஒரே கோடு. அளந்துதான் பார்க்க வேண்டும் என்பதில்லை. அவளும் அதைப் பார்த்தாள். பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். உதடு துடித்தது, ஆனால் ஏறவில்லை. பற்கள் நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னரை வாயிலிருந்து கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அதைப் போடுவதில்லை என்று கேள்விப்படுகிறேன். அது தவறு. போடாவிட்டால் பற்கள் கலையும். அவளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

ஆகவே, தலைவர் அவர்களே, அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். மதிப்பிடத் தவறவில்லை. பிழை இல்லை. பதின்மூன்று வயதில் அவள் முகம் எப்படி வரும் என்பதை மயிரிழை பிசகாமல் கணித்தேன். அது அப்படி வரக் கூடாது என்று முடிவு செய்தேன். நல்ல பற்களைப் பிடுங்கி, உதட்டைத் தைத்து, அந்தக் குழந்தையின் முகத்திலிருந்து அவள் தகப்பனை எடுத்துவிட்டேன். தெரிந்தே செய்தேன். இதை எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், போலீஸிடம் அனுப்புவதானால் அனுப்புங்கள். பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம். பல்செட் வைக்கும் வயதுகூட வராமல் செத்துப்போன ஒரு டிரைவிங் ஸ்கூல்காரன்மேல் எனக்கு என்ன பொறாமை?

வாலுவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இப்போது கோபத்தில் இருக்கிறாள். கோபம் தணிந்ததும் வருவாள். அம்மா ஜாடை அவளுக்கு என்றுமே கிடையாது. அந்த மனிதர் ஜாடை இனிமேல் கிடையாது. அத்தைக்குப் பக்கத்தில் நின்றால் அந்நியப் பெண்போல இருக்கிறாள், நானே பார்த்தேன். என்னிடம் வராமல் வேறு எங்கே போவாள்? யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், அவள் என் பெண் என்றுதான் சொல்வார்கள்.